செம்புக்காசுக் குளிர்

எங்கள் தெருவில் முதன்முதலாகப் பனி பெய்தது மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, தளவாய் மாமாவின் மோட்டார் வைண்டிங் கடைக்குத் தபாலில் ஒரு பழைய ரஷ்யக் காசு வந்து சேர்ந்த மத்தியானம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்திருந்த நேரத்தில். அதைப் பனி என்று யாரும் நினைக்கவில்லை. சாலைக்குறிச்சியில் வானத்திலிருந்து வெள்ளையாக எது இறங்கினாலும் அது கீழ்க்கோடியில் இருக்கும் பஞ்சு மில்லிலிருந்துதான் வரும் என்பதால், எதிர்வீட்டு லூர்தம்மாள் தன் கொடித் துணியின் மேல் அது படிவதைப் பார்த்ததும் மில் வாசல்வரை நடந்துபோய், வாட்ச்மேனை வாயில் வந்தபடி திட்டிவிட்டு, திரும்பி வரும்போதுதான் மற்றத் தெருக்களில் வெயில் கொளுத்துவதையும் எங்கள் தெருவில் மட்டும் பஞ்சு விழுவதையும் விழுந்த பஞ்சு உள்ளங்கையில் தண்ணீராவதையும் கவனித்தாள். மில்லுக்குத் திரும்பிப் போய் அவள் சமாதானம் சொல்லவில்லை. "போன வருசத்துப் பஞ்சுக்குத் திட்டுனதா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தளவாய் மாமா என் அம்மாவுக்கு அண்ணன். எரிந்துபோன மோட்டாரையும் மிக்ஸியையும் மின்விசிறியையும் பிரித்து, கருகிய காயிலை வெட்டி எறிந்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். கருகிய செம்பைப் பழைய சாமான் கடையில் போடப் போகும்போதெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும் செம்பை வேடிக்கை பார்ப்பது அவர் பொழுதுபோக்கு. அப்படித்தான் தூத்துக்குடியில் ஒரு கடைக் குவியலில், தட்டை முறுக்கு அளவுக்கு அகலமும் அதைவிடப் பல மடங்கு கனமுமாக ஒரு செம்புக்காசு அவர் கையில் அகப்பட்டது. ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு. மறுபக்கம் கிரீடத்துக்குக் கீழே பின்னிக் கிடந்த எழுத்து. அது ரஷ்யாவைக் கேத்தரின் மகாராணி ஆண்ட காலத்து ஐந்து கோபெக் காசு என்று தேடிப் பார்த்துச் சொன்னது நான்தான். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சொன்னது தப்பாக இருந்துவிடுமோ என்று வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன். தப்பில்லை.

அதிலிருந்து மாமாவுக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. கால் கோபெக், அரைக் கோபெக், ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஜார் காலத்துச் செம்புக்காசுகளை மதுரை நாணயக் கண்காட்சியிலிருந்தும் தபாலிலும் வரவழைத்து, ஆசாரியிடம் சொல்லிக் குழி குழியாகக் குடைந்த தேக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். வெள்ளி வேண்டாம், தங்கம் வேண்டாம். "தங்கம் ராசா கையில இருந்தாலும் ஏழை கையில இருந்தாலும் பெட்டிக்குள்ளதான் கெடக்கும். செம்புதான் சந்தைக்குப் போய்ட்டு வரும்" என்பார். அத்தை வடிவு இதைக் கேட்டுச் சலித்துப்போனவள். "அவவ புருசனுக்குச் சீட்டுக் கிறுக்கு இருக்கு, குடிக் கிறுக்கு இருக்கு. எனக்கு வாய்ச்சதுக்கு ரஷ்யா ராணி மேல கிறுக்கு. அவ செத்து இருநூறு வருசமாச்சு, இல்லேன்னா சக்களத்திச் சண்டை போட்டிருப்பேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

பெட்டியில் ஒரே ஒரு குழி வெகுகாலம் காலியாகக் கிடந்தது. சைபீரியாவில் மட்டும் புழங்குவதற்காக அங்கேயே அடித்த பத்துக் கோபெக் காசுக்கான குழி. அந்தக் காசுதான் அந்த வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. அதில் இரண்டு பிராணிகள் நின்றுகொண்டு ஒரு கேடயத்தைத் தாங்கிப் பிடித்திருந்தன. அத்தை அவற்றைக் கீரி என்றாள். மாமா அவை சேபிள் என்றும், அதன் ரோமத்துக்காகத்தான் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் பனிக்குள் போனார்கள் என்றும் சொல்லிக்கொண்டே காசின் ஓரத்தைப் பிடித்துக் குழியில் இறக்கினார். பெட்டி நிறைந்தது. கடைக்குள் குளிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் கூரைத் தகரத்தில் வெள்ளை படிந்து, தெருக் குழாய்வரைக்கும் பனி விழுந்தது. குழாய்க்கு அந்தப் பக்கம் விழவில்லை. எவ்வளவு டிகிரி என்று அளந்து பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அளக்கவில்லை, எங்கள் வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்தான் இருந்தது.

காரணம் கேட்டவர்களுக்கு மாமா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "அங்க குளிரு சாஸ்தி. செம்பு எதையும் சட்டுன்னு வாங்கிக்கிடும். கரண்டை வாங்குது, சூட்டை வாங்குது, குளிரை வாங்காதா?" அதில் திருப்திப்படாத லூர்தம்மாள் என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, நீ பிஎஸ்சி படிச்ச பிள்ளை. நீ சொல்லு, இது எப்படி?"

"தெரியல சித்தி."

"அதுக்கா மூணு வருசம் படிச்ச?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். பதில்தான் பழகவில்லை.

குளிரைப் பற்றி ஊர் அதற்குமேல் யோசிக்கவில்லை, அதை எதற்கு உபயோகிக்கலாம் என்று யோசித்தது. முதலில் பூக்காரி மல்லிகைக் கூடைகளைக் கொண்டுவந்து கடை வாசலில் வரிசையாக வைத்தாள். சாயங்காலம்வரை மொட்டு அவிழாமல் இருந்ததால் சங்கரன்கோவில் வியாபாரிகளும் அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் ஊசி மருந்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு பெண்கள் தோசை மாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாவு புளிக்கவில்லை என்று சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டு எடுத்துப்போய், மறுநாள் மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். சபரிமலைக்குப் போய்வந்த குரங்குக் குல்லாய்கள் டிரங்குப் பெட்டிகளிலிருந்து வெளியே வந்தன. பூசாரி பிள்ளையாருக்குக் கம்பளி மஃப்ளர் சுற்றினார். அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் எங்கள் தெருவுக்குக் குடிவந்து, சண்டை போடாமல் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கின. ஓய்வுபெற்ற தலையாரி சங்கரபாண்டியன் இறந்துபோனபோது, மஸ்கட்டிலிருந்து மகன்கள் வரும்வரை அவரை மாமாவின் பெஞ்சில்தான், ஒரு கிரைண்டர் மோட்டாருக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். மோட்டார் எடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பிணத்துக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடும் அருணாசலம் சண்டைக்கு வந்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுதியளே, இது நியாயமா?"

"உன் பெட்டி நல்லாருக்கா, என் பெஞ்சு நல்லாருக்கான்னு நீயே ஒருக்கா படுத்துப் பாத்துச் சொல்லு" என்றார் மாமா.

மின்வாரியத்திலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். ஏசி ஓடுகிறது, மீட்டர் ஓடவில்லை என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள்.

"ஏசி எங்கய்யா இருக்கு?"

"ஏசி இல்ல சார். காசுதான் இருக்கு."

"காசிருந்தா ஏசி வாங்கலாம்னு எனக்கும் தெரியும். ஏசி எங்க?"

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரைத் தகரத்தை நெம்பிப் பார்த்தார், கடைசியில் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, குற்றம் ஏதும் காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்தாலும் குளிர் நின்றுவிடும் என்பதால் தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொடு என்ற பேச்சும் எழுந்தவுடன் அடங்கியது. எங்கள் தெருவில் மின்விசிறி யாருக்கும் தேவைப்படாததால் மாமாவின் தொழில்தான் பாதியாகக் குறைந்தது. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. ஏனென்றால் அம்மா வெளியே வந்திருந்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. முதுகும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்து, பிழைத்து வந்தாள். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இருந்துகொண்டார். அம்மாவும் நானும் கடைக்குப் பின்னால் இருக்கும் மாமா வீட்டுக்கே வந்துவிட்டோம். தீயில் வெந்து ஆறிய தோலில் வேர்வை வராது. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது, உள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால் வெயில் காலத்தில் அம்மா மாமா வீட்டின் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டிக்குள் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே போய் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் நடந்திருக்கிறது. ஆண்டவனிடம் பெரிதாக எதையும் அவள் கேட்கவில்லை. பகலில் தன் காலால் நடந்து செவ்வாய்ச் சந்தைக்குப் போய், தன் கையால் காய் பொறுக்கி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கிவரும் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இது நமக்கு வாங்குனதா, உள்ள இருக்க புழுவுக்கு வாங்குனதா?" என்று கேட்பாள்.

பனி விழுந்த முதல் செவ்வாய்க்கிழமை அவள் மெதுவாகத் தெருக் குழாய்வரை நடந்தாள். அங்கே நின்றாள். குழாய்க்கு அந்தப் பக்கம் வெயில் வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், கடைக்குள்ளிருந்து மாமா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். அவர் கையிலிருந்த மோட்டாரைக் கீழே வைத்தார். தேக்குப் பெட்டியை மூடி, துண்டில் சுற்றி, அத்தையின் வயர் கூடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார்.

"நட" என்றார்.

அம்மா நடந்தாள். பனி கூடவே வந்தது. அவள் குழாயைத் தாண்டினாள், பிள்ளையார் கோவிலைத் தாண்டினாள், பஸ் நிறுத்தத்தைத் தாண்டினாள், கூடையின் கனத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்தபடி அவள் அண்ணன் பின்னால் வந்துகொண்டே இருந்தார், சந்தைக்குள் நுழைந்தபோது தக்காளிக் குவியல்களின் மேலும் கருவாட்டின் மேலும் மெல்லிசாக வெள்ளை படிந்தது. கருவாட்டுக்காரி மட்டும் நனைகிறதென்று சாக்கை இழுத்து மூடினாள். அம்மா கத்திரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்து, பாதிக் குவியலைக் கலைத்துவிட்டு அரைக் கிலோ வாங்கினாள். கடைக்காரர் திட்டினார். அம்மாவும் திட்டினாள். திரும்பும்போது அவள் முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த முகம் மாதிரி இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குளிரில் நடக்கலாம் என்று லூர்தம்மாள் கூட வந்தாள். அதற்கடுத்த செவ்வாயில் தெருவே வந்தது. பங்குனி வெயில் ஏற ஏற, அம்மா சந்தைக்குக் கிளம்பும் நேரம் ஊருக்கே தெரிந்த நேரமாகிவிட்டது. முன்னால் அம்மா, பின்னால் கூடையோடு மாமா, அதற்குப் பின்னால் ஊர். கூடையை ஒட்டி யார் நடப்பது என்று அம்மாவுக்கும் லூர்தம்மாளுக்கும் வாரா வாரம் சண்டை.

"ஏட்டி கோமதி, உனக்குத்தான் உடம்பு சரியில்ல, எனக்குமா சரியில்ல? கொஞ்சம் தள்ளு, என்மேலயும் ரெண்டு பஞ்சு விழட்டும்."

"எங்கண்ணன் கூடைடீ. உங்கண்ணன ஒரு கூடை தூக்கச் சொல்லு."

இப்படியே பங்குனி போயிற்று.

எங்கள் பக்கத்தில் சித்திரை முதல் நாள் கனி பார்ப்பது வழக்கம். அதற்கு முந்தின சாயங்காலமே தாம்பாளத்தில் அரிசி பரப்பி, மாம்பழமும் கொன்றைப்பூவும் வெற்றிலையும் தங்கமும் காசும் வைத்து, பின்னால் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிடுவார்கள். விடிந்ததும் ஒவ்வொருவரையும் கண்ணை மூடவைத்து, கையைப் பிடித்து அழைத்துவந்து அதன் முன்னால் உட்காரவைத்துக் கண்ணைத் திறக்கச் சொல்வார்கள். முதலில் கண்ணில் படுவதுதான் அந்த வருசம். முதலில் வாயில் வருவதும் அந்த வருசம்தான் என்பதால் அன்றைக்கு யாரும் அழக் கூடாது, இல்லை என்று சொல்லக் கூடாது, குறையாக ஒரு வார்த்தை பேசக் கூடாது.

எங்கள் வீட்டில் கனிக்கு வைக்கத் தங்கம் கிடையாது, எல்லாம் அம்மாவின் வைத்தியத்துக்குப் போய்விட்டது. அதனால் இந்த வருசம் அண்ணன் காசை வைப்போம் என்று அம்மா சொன்னாள். தன்னை வெளியே நடக்கவைத்த காசு அது, அதைவிடப் பெரிய கனி எது என்று கேட்டாள். அத்தைக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் களிம்பேறி, கறுப்பும் பச்சையுமாக இருக்கும் காசை எப்படிக் கனியில் வைப்பது? வருசம் முழுக்க வீடு கறுத்துக் கிடக்கவா? மாமா கம்பி வாங்கக் கோவில்பட்டிக்குப் போயிருந்தார். நான் ஒரு பரீட்சை எழுதத் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். அம்மாவும் அத்தையும் கிணற்றடியில் உட்கார்ந்து, குத்துவிளக்கையும் செம்புப் பானையையும் விளக்கிய அதே புளியாலும் உப்பாலும் ரஷ்யக் காசுகளை ஒவ்வொன்றாக, கழுகின் இறக்கை இடுக்கெல்லாம் விரலை விட்டு, அழுத்தித் தேய்த்துக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் பச்சையாக ஓடியது. வாழை மூட்டில் ஊற்றிய இடத்தில் அது கண்ணாடி மாதிரி உறைந்து நின்றதாகவும், பிறகு சத்தமில்லாமல் விரிசல் விட்டு மண்ணுக்குள் போய்விட்டதாகவும் அத்தை பின்னால் சொன்னாள். அப்போது அதை அவர்கள் நல்ல சகுனம் என்று நினைத்தார்கள்.

விடிந்ததும் அத்தை மாமாவின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி கால் துழாவி வந்து உட்கார்ந்தார். "இப்பத் தொறங்க" என்றாள் அத்தை. அவர் திறந்தார்.

அரிசியின் மேல் காசுகள் புதுசாகக் கட்டிய காயில் மாதிரி செவேலென்று மின்னிக்கொண்டிருந்தன. ராணியின் எழுத்தில் பாதி தேய்ந்திருந்தது. பத்துக் கோபெக்கில் கேடயம் இருந்தது, அதைத் தாங்கிய சேபிள்களுக்கு முகம் இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் கண்ணாடியில் மாமாவின் முகம் இருந்தது. காசு சேர்ப்பவர்கள் காசைக் கழுவ மாட்டார்கள். அதன்மேல் ஏறிய களிம்புதான் அதன் காலம், அது போனால் காசும் போயிற்று. மதுரைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்களிடம்கூட மாமா இதைச் சொல்லுவார். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில் யாரும் அவற்றைத் தொடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குண்ணே?"

மாமா பத்துக் கோபெக்கை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். சித்திரை முதல் நாள்.

"நல்லாருக்கு" என்றார். காசை அரிசியில் திரும்ப வைத்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

அன்று முழுவதும் அவர் அதை மட்டும்தான் சொன்னார். கூரையிலிருந்து கடைசி ஈரம் சொட்டி முடிந்தது. பெட்டிக்குள் காசுகளைத் திரும்ப அடுக்கிப் பார்த்தார், வெளியே எடுத்துப் பார்த்தார், மறுபடி அடுக்கினார். பத்து மணிக்கு நாய்கள் எழுந்து தங்கள் தங்கள் தெருவுக்குப் போயின. பூக்காரி வந்து, "என்ன அண்ணாச்சி, புழுங்குது?" என்று கேட்டதற்கும் நல்லாருக்கு என்றார். அருணாசலம் வந்து எட்டிப் பார்த்ததற்கும் நல்லாருக்கு என்றார்.

மறுநாள் காலையில் அம்மா கடைக்குள் போய் நின்றாள்.

"நேத்து நல்ல நாளுன்னு நீ எதுவும் சொல்லல. இன்னைக்குச் சொல்லு. நான் கெடுத்துட்டனா?"

மாமா வார்னிஷ் டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். "கழுவக் கூடாது கோமதி."

"நீ சொல்லலியே."

"நீ கழுவுவேன்னு நான் நெனைக்கலியே."

"விளக்காத செம்பை விசேசத்துக்கு வைக்கிற வீட்டுலயா நாம வளந்தோம்?"

மாமா வார்னிஷ் டப்பாவை ஓரமாகத் தள்ளினார். "சரி விடு. வெயில்ல மட்டும் வராத" என்றார்.

அம்மா பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் இறங்கினாள்.

ஊர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. செம்பில் களிம்பேற்ற ஆளுக்கொரு வழி தெரிந்திருந்தது. காசுகளைப் புளித்த மோரில் ஊறப் போட்டார்கள், மாட்டு மூத்திரத்தில் போட்டார்கள், உப்பில் புதைத்தார்கள், எருக்குழியில் புதைத்துவிட்டுத் தோண்டி எடுத்தார்கள். ஓரத்தைப் பிடித்து மட்டுமே காசைத் தொட்ட மாமா, இதற்கெல்லாம் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுச் சும்மா நின்றார். காசுகள் பச்சையாயின, கறுப்பாயின, ஆளையே தூக்கும் நாற்றமெடுத்தன. குளிர் மட்டும் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரரிடம் வேறு பத்துக் கோபெக் கிடைக்குமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். அதற்கு அவர் மாமாவிடம் பேச வேண்டும் என்றார், பேசினார், என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, ஆழ்ந்த அனுதாபம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு ஊர் தன் பழைய பாட்டுக்குத் திரும்பியது. பிள்ளையாரின் மஃப்ளர் அவிழ்ந்தது. மல்லிகை வேறு ஊருக்குப் போயிற்று, மாவு புளித்தது, மின்விசிறிகள் எரிந்து மாமாவின் கடையில் வந்து குவிந்தன. அக்கினி நட்சத்திரம் பிறந்தது. நான் செவ்வாய்க்கிழமை காலையில் சந்தைக்குப் போய் வாங்கிவந்த கத்திரிக்காயை அம்மா தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே வாங்கி, ஒன்றும் சொல்லாமல், புழு இருந்த பக்கத்தையும் சேர்த்து நறுக்கினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில், கடை வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பழகிப்போன கால்கள் வந்துவிட்டன. வந்த பிறகு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். லூர்தம்மாள் மட்டும் பைகளைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து பின்கட்டுக்கே வந்துவிட்டாள்.

"எந்திரிடீ, சந்தைக்கு நேரமாச்சு."

"வெயிலு."

"வெயில எனக்குத் தெரியாது பாரு. நீ வராம நான் மட்டும் போனா, போற வழி பூரா வாய் நமநமங்குது. யார்கூடச் சண்டை போட?"

"விழுந்து செத்தா நீயா பாப்ப?"

லூர்தம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் நிறைகுடம் இருந்தது. குழாயில் வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீர். அதைத் தூக்கி அம்மாவின் தலையில் கவிழ்த்தாள்.

"எங்க வீடுவரைக்கும் இது தாங்கும்ல? எங்க வீட்டுல இன்னொரு குடம் இருக்கு. அதுக்கு மேல மத்தவ வீடு இருக்கு. வா."

இதில் அதிசயம் எதுவும் இல்லை என்று நான் சொல்லியாக வேண்டும். வேர்க்காத தோலின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வேர்வை செய்கிற வேலையும் அதுதான். பிஎஸ்சி படித்த எனக்கு இது தெரியும். அம்மா தொட்டிக்குள் இத்தனை வருசம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தொட்டியை விட்டு வெளியே அதைக் கொண்டுபோக ஒரு தெரு வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தாள். மாமா எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கை பழக்கத்தில் வயர் கூடையைத் தேடி, பிறகு அதை விட்டுவிட்டு ஒரு குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா நடந்தாள். லூர்தம்மாள் தன் வீட்டுக் குடத்தை ஊற்றினாள். அடுத்த வீட்டுக்காரி ஊற்றினாள், அதற்கடுத்த வீட்டுக்காரி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய் அண்டாவிலிருந்து மொண்டுவந்து ஊற்றினாள், தீச்சட்டி எடுத்து வருகிறவர்களின் காலில் ஊற்றுவதுபோல ஆளுக்கு ஒரு குடமாக, பூக்காரி பூத் தெளிக்கும் தண்ணீரை, டீக்கடைக்காரர் பால் சட்டி கழுவிய தண்ணீரில்லை நல்ல தண்ணீர்தான் என்று சத்தியம் செய்துகொண்டு ஒரு வாளியை, பூசாரி அபிஷேகக் குடத்தை, ஒருவர் ஊற்றியது காய்வதற்குள் அடுத்தவர் ஊற்ற, யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளாமல் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். தெருக் குழாயைத் தாண்டியபோது அம்மா ஒரு நிமிடம் நின்றாள். நான் பயந்துபோய்க் கிட்டே போனேன். முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் அருணாசலம் தன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள்ளிருந்து குளிர்ந்த குடம் ஒன்றை எடுத்தான்.

"பிணப் பெட்டித் தண்ணியா?" என்றாள் அம்மா.

"பெட்டியக் கழுவிட்டுத்தாங்க்கா வச்சேன்."

"நீயும் கழுவிட்டியா" என்றாள் அம்மா. மாமா சிரித்தார். சித்திரை பிறந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தன் தோளிலிருந்த குடத்தை இறக்கி, அவள் பின்கழுத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சொட்டும் வீணாகாமல் ஊற்றினார்.

சந்தைக்குள் அம்மா போன வழியெல்லாம் தரை நனைந்தது. கத்திரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சேலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் தண்ணீர் வடிந்து கடைக்காரரின் சாக்கு ஓரம்வரை ஓடியது. பின்னால் லூர்தம்மாள் அடுத்த குடத்தோடு தயாராக நின்றாள். அம்மா ஒரு காயை எடுத்து, காம்பைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்து, ஒதுக்கி வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"யக்கா, மல்லித்தழை மேல சொட்டாத. அழுகிப் போவும்."

அம்மா தலை நிமிரவில்லை. "அழுகட்டும்" என்றாள். "எனக்குக் கொசுறாத்தான போடப் போற."